சாட் சைனியமும் அதன் ஆயுதங்களும்

2025-ஆம் வருஷம் ஜனவரி 30-ந் தேதியன்று, மத்திய ஆப்பிரிக்காவிலுள்ள சாட் தேசத்தின் தலைநகரான என்ஜமேனாவில் பிரெஞ்சுப் படையினர் வசமிருந்த கடைசி முகாம் அந்நாட்டுச் சைனியத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 2024 நவம்பர் 28-ந் தேதி, பிரான்ஸுடன் இருந்த ராணுவ உடன்படிக்கையை ரத்து செய்வதாக சாட் சர்க்கார் அறிவித்திருந்தது. 1960 ஆகஸ்டு 11-ந் தேதி சுதந்திரம் பெற்ற ஒரு தேசத்தின் மண்ணை விட்டு, போவதும் வருவதுமாக இருந்த அந்நியச் சிப்பாய் வெளியேற அறுபத்து நான்கு வருஷங்கள் சென்றன. அத்தேசத்தாரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் சிப்பாய் போனதோடு விஷயம் தீர்ந்துவிட்டதென்று எண்ணுவோருடன் நாம் உடன்பட முடியாது. சாட் சைனியத்தின் கையிலுள்ள துப்பாக்கி எங்கிருந்து வந்தது, அது ஏறிச் செல்லும் வண்டி யார் கொடுத்தது, அவற்றைத் திருப்பும்படி உத்தரவிடுகிறவன் யாருக்கு ஜவாப்தாரி என்ற கேள்விகளெல்லாம் அப்படியே நிற்கின்றன.

அச்சைனியத்தின் புகழ் 1987-ஆம் வருஷத்து யுத்தத்தினால் உலகெங்கும் பரவியது. சாட்டின் வட எல்லையிலுள்ள அவுஸூ என்னும் பாலைவனப் பகுதியை லிபியா 1973-இல் பிடித்துக்கொண்டது. அதற்கு லிபியா காட்டிய ஆதாரங்களில் ஒன்று 1935-இல் பிரெஞ்சு மந்திரி லவாலும் இத்தாலியின் முஸோலினியும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம். பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கும் ஜனங்களை ஒரு வார்த்தை கேளாமல், அவர்களுடைய நிலத்தை ரோமாபுரியில் உட்கார்ந்து இருவர் கைமாற்றிக்கொண்ட காகிதம் அது. முறைப்படி உறுதிப் பத்திரங்கள் பரிமாறப்படாததால் அது அமுலுக்கே வரவில்லை. ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பதாக முழங்கிய கர்னல் கடாபி, செத்துப்போன ஏகாதிபத்தியக் காகிதத்தைத் தோண்டியெடுத்து அண்டை வீட்டு நிலத்துக்குப் பட்டா கேட்டது வேடிக்கையன்றோ!

லிபியாவிடம் எண்ணெய்ப் பணம் இருந்தது. பணத்தைக் கொண்டு ஸோவியத் ருஷியாவிடம் வாங்கிய ஆயுதம் குவிந்திருந்தது. முப்பத்தாறு டன் எடையுள்ள டி-55 டாங்கிகள், சிப்பாய்களை ஏற்றிச்செல்லும் பி.எம்.பி. கவச வண்டிகள், போர் விமானங்கள், விமானங்களை வீழ்த்தும் ஏவுகணைகள் யாவும் இருந்தன. எதிரே சாட் தேசியச் சைனியத்திடம் இருந்தவை என்ன? பிரெஞ்சு பாணார் கவச மோட்டார்கள் கொஞ்சம். மற்றபடி, நம்மூர்களில் காய்கறி மூட்டை ஏற்றும் சிறு லாரியைப் போன்ற, பின்புறம் திறந்த டொயோட்டா மோட்டார் வண்டிகள். ஜப்பானில் செய்யப்பட்ட இவ்வண்டிகளில் சுமார் 400-ஐ பிரான்ஸ் கொடுத்து உதவியது. அவற்றின் முதுகில் கனரக யந்திரத் துப்பாக்கியையோ, மிலான் என்ற ஏவுகணையையோ பொருத்தினார்கள். மிலான் என்பது பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து செய்த டாங்கி எதிர்ப்பு ஆயுதம். சுடப்பட்ட குண்டு மெல்லிய கம்பியொன்றை இழுத்துக்கொண்டே பறக்கும். குறிபார்ப்பவன் கண்ணைக் குறியிலிருந்து எடுக்காதிருந்தால் அந்தக் கம்பி வழியாகக் குண்டு திருத்தப்பட்டுச் சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரத்திலுள்ள டாங்கியைத் துளைத்துவிடும்.

1987 ஜனவரி 2-ந் தேதி ஃபாடா என்ற பாலைவனச் சோலையில் இவ்விரண்டு விதச் சேனைகளும் மோதின. டாங்கியின் பீரங்கி திரும்பிக் குறிவைப்பதற்குள் டொயோட்டா இடம் மாறிவிடும்; பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் பாய்ந்து அடித்துவிட்டு விலகிவிடும். அன்று லிபியாவின் டாங்கிகளில் 92 அழிந்தன, 13 பிடிபட்டன என்றும், லிபியர்கள் 784 பேர் மாண்டனர் என்றும், சாட் தரப்பில் மாண்டோர் 18 பேர், இழந்த டொயோட்டாக்கள் மூன்று என்றும் யுத்த ஆராய்ச்சியாளர் கணக்கெழுதியிருக்கின்றனர். மார்ச் 22-ந் தேதி, 3,800 மீட்டர் நீள விமான ஓடுதளமும் சுமார் 5,000 சிப்பாய்களும் கொண்ட ஊவாதி தூம் என்ற பெருந்தளமே விழுந்தது. அங்கே சிறைப்பட்ட லிபியத் தளபதி கலீபா ஹஃப்தர் என்பவரே பிற்காலத்தில் கிழக்கு லிபியாவின் அதிபதியாக எழுந்தவர். செப்டம்பர் 5-ந் தேதி சாட் சேனை எல்லையைத் தாண்டி, லிபியாவுக்குள்ளிருந்த மாதன் அல் ஸாரா விமானத் தளத்தையும் சூறையாடித் திரும்பியது. ஆறு நாட்களில் போர்நிறுத்தம் வந்தது.

இதை டொயோட்டா யுத்தம் என்று உலகத்தார் அழைக்கிறார்கள். இந்தப் பெயர் நமக்குச் சம்மதமில்லை. ஜெயித்தது வண்டியன்று. எந்த மணலில் சக்கரம் புதையும், எந்தக் கணவாயில் மறையலாம், எந்தக் கிணற்றில் தண்ணீர் கிடைக்கும் என்று தலைமுறை தலைமுறையாக அறிந்த மனிதர்கள் ஜெயித்தார்கள். இதுவும் புதிதல்ல. 1941-இல் பிரெஞ்சுத் தளபதி லெக்லேர்க், சாட்டிலிருந்து லாரிகளில் ஆப்பிரிக்கச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு இதே பாலைவனத்தைக் கடந்து, இத்தாலியர் வசமிருந்த குஃப்ராவை மார்ச் 1-ந் தேதி பிடித்தார். அன்று அந்த வீரம் பிரெஞ்சுக் கொடிக்குச் சேர்ந்தது. 1987-இல் அது ஜப்பான் கம்பெனியின் பெயருக்குச் சேர்ந்துவிட்டது.

எனினும் வெற்றியின் மறுபக்கத்தை மறைப்பது நம் வேலையன்று. மிலான் பிரான்ஸுடையது, தோளில் வைத்துச் சுடும் ரெட் ஐ என்ற விமான எதிர்ப்பு ஆயுதம் ஐக்கிய அமெரிக்காவுடையது. செப்டம்பர் 7-ந் தேதி என்ஜமேனாவைத் தாக்க வந்த லிபிய விமானத்தை வீழ்த்தியது அமெரிக்காவில் செய்த ஹாக் ஏவுகணை. அதை ஏவியது பிரெஞ்சுப் படை. தலைநகரத்தின் ஆகாயத்தைக் காக்கும் ஆயுதத்தில் சாட் பிரஜை ஒருவனின் விரல்கூடப் படவில்லை. பிடித்த சாமான்களின் கதி என்ன? 1988 ஜூன் மாதத்தில் அமெரிக்கர்கள் இரவோடிரவாக வந்து, லிபியர் விட்டுப்போன ருஷியப் போர் ஹெலிகாப்டர் ஒன்றைத் தங்கள் பெரிய ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு எடுத்துச் சென்றனர். ஆயுதம் கொடுத்தவர்களுக்குக் கணக்கு வேண்டியிருந்தது, அது தீர்ந்தது.

ஜனங்களுக்கு வந்த கணக்கு வேறு. அக்காலத்து அதிபர் ஹிஸென் ஹாப்ரே, லிபியாவை எதிர்க்கிறார் என்பதற்காகவே வல்லரசுகளின் தயவைப் பெற்றவர். அவருடைய ரகசியப் போலீஸார் சிறைகளில் செய்த சித்திரவதை எழுத்தில் அடங்காது. 1992-இல் சாட் விசாரணைக் கமிஷன், அவர் ஆட்சியில் மாண்டோர் 40,000 பேர் இருக்கலாமென்று மதிப்பிட்டது. 1987 வெற்றிகளை நடத்திய தளபதி ஹஸன் ஜாமூஸே 1989-இல் அவரை எதிர்த்து முறிந்து உயிரிழந்தார். 2016 மே 30-ந் தேதி செனகல் நாட்டு டாக்கரில் கூடிய ஆப்பிரிக்க விசேஷ நீதிமன்றம் ஹாப்ரேக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2021-இல் அவர் இறந்தார். எந்த அவுஸூவுக்காக அவ்வளவு ரத்தம் சிந்தப்பட்டதோ, அது 1994 பிப்ரவரி 3-ந் தேதி ஸர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்பினால், 16 நீதிபதிகளுக்கு எதிராக ஒருவர் என்ற கணக்கில், சாட்டுக்கே சேர்ந்தது. அவ்வருஷம் மே மாத இறுதியில் லிபியப் படை வெளியேறியது.

டொயோட்டாவின் வித்தை ஒரு சர்க்காரின் ஏகபோகமாக இருக்கவில்லை. 1990 டிசம்பரில் இத்ரிஸ் தெபி, சூடானிலிருந்து அதே மாதிரி வண்டி வரிசையோடு வந்து ஹாப்ரேயைத் துரத்தினார். 2008 பிப்ரவரியில் அதே மாதிரி வரிசையோடு கிளர்ச்சிக்காரர்கள் தெபியின் அரண்மனை வாசல் வரை வந்தார்கள். 2021 ஏப்ரலில் லிபியாவின் தென்பகுதியிலிருந்து இன்னொரு வரிசை வந்தது. போர்முனைக்குச் சென்ற தெபி அங்கே பட்ட காயத்தால் மாண்டார். மகன் மஹமத் பட்டத்துக்கு வந்தார், பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. 2022 அக்டோபர் 20-ந் தேதி, தேர்தல் நடத்தச் சொல்லி வீதியில் இறங்கிய ஜனங்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. சுமார் ஐம்பது பேர் மாண்டதாகச் சர்க்காரே ஒப்புக்கொண்டது. மனித உரிமைச் சங்கத்தார் கூறும் தொகை அதனினும் மிக அதிகம்.

எண்ணெய்ப் பணத்தின் கதையையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2003-இல் காமரூன் வழியாகக் குழாய் போட்டு எண்ணெய் விற்கத் தொடங்குவதற்கு முன்பே, வருமானத்தில் பெரும்பாகம் கல்வி, வைத்தியம், தண்ணீர் முதலியவற்றுக்கும், ஒரு பாகம் வருங்காலச் சந்ததிக்கும் என்று உலக வங்கியின் நிபந்தனைப்படி சட்டம் செய்தார்கள். 2005 முடிவதற்குள் சட்டம் திருத்தப்பட்டது. சந்ததியின் பங்கு ஒழிந்தது. "பாதுகாப்பு" என்பது முக்கிய இனங்களில் ஒன்றாக நுழைந்தது. 2008-இல் வங்கியின் கடனை முன்கூட்டியே தீர்த்து, அதன் கண்காணிப்பையும் சாட் உதறிவிட்டது. அவ்வருஷமே உக்ரேனிலிருந்து ஸுகோய்-25 ரகத் தாக்கு விமானங்கள் வந்தன. அந்நிய வங்கி ஒரு தேசத்தின் பெட்டிச் சாவியை வைத்திருப்பது நமக்கு ஒருபோதும் பிடித்தமான ஏற்பாடன்று. ஆனால் அதன் கையிலிருந்து பறித்த சாவி ஜனங்களின் கைக்கு வந்ததா என்றால், வரவில்லை.

இப்பொழுது பிரெஞ்சுக்காரர் போய்விட்டனர். 2023 ஆகஸ்டில் ஐக்கிய அரபு எமிரேட்டுகள் கவச வண்டிகளைக் கொடுத்தன. துருக்கியிலிருந்து ஆளில்லா விமானங்கள் வந்திருக்கின்றன. கிழக்கே சூடானில் 2023 ஏப்ரலில் மூண்ட யுத்தத்தினால் லக்ஷக்கணக்கான அகதிகள் சாட்டுக்குள் வந்து சேர்ந்தனர். அத்தகைய எல்லையை வைத்துக்கொண்டு ஆயுதமே வேண்டாமென்று சாட்டுக்கு உபதேசிக்க நாம் முன்வரவில்லை. 2024 டிசம்பர் 29-ந் தேதி அங்கே பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. முக்கிய எதிர்க்கட்சிகள் அதைப் பகிஷ்கரித்தன. பெரும்பான்மை ஆளுங்கட்சிக்கே கிடைத்தது. அப்படி அமைந்த சபையானாலும், கவச வண்டியும் விமானமும் எந்த விலைக்கு, எந்த நிபந்தனையின் பேரில் வந்தன, என்ஜமேனா வீதியில் 2022-இல் சுட்டவை எந்தப் படையின் துப்பாக்கிகள், சுடச் சொன்னவர் யார் என்று கேட்க அதன் அங்கத்தினர்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் கேட்கட்டும். ஃபாடாவில் மாண்ட பதினெட்டுப் பேரின் குடும்பத்தாரும் அந்தப் பதிலைக் கேட்க உரியவர்களே.