கல்லாப்பெட்டி இருந்தால் தொண்டு இல்லையா?

அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 2010இல் ஹில்டன் மனிதநேயப் பரிசு, 15 லட்சம் டாலர், கிடைத்ததே தவறு என்கிறார் நண்பர். புதுச்சேரி அருகே தவளக்குப்பத்தில் உள்ள அதன் கிளையில் கட்டணம் வாங்குகிறார்களாம். வாங்குகிற இடத்துக்கு ஏன் மனிதநேய விருது என்று கேட்கிறார்.

வாங்குகிறார்கள்தான். அந்தப் பணத்தில்தான் இன்னொருவருக்குக் கண்புரை இலவசமாக அகற்றப்படுகிறது. நன்கொடையை மட்டும் நம்பியிருந்தால், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கியது அங்கேயே நின்றிருக்கும்.

முழுக்க இலவசம்தான் தொண்டு என்பவர் பாகூர்ப் பக்கம் ஒரு கிழவியிடம் பேசிப் பார்க்கட்டும். அறுவைச் சிகிச்சை இலவசம் என்று சொன்ன காலத்திலும், கிராமங்களில் நடத்திய கண் முகாமில் புரை கண்டறியப்பட்ட பலர் வரவில்லை. பஸ் காசு யார் தருவார்? சாப்பாடு? துணைக்கு வரும் மகனின் அன்றைய கூலி? இதைப் புரிந்துகொண்டுதான் முகாமிலிருந்தே வண்டியில் அழைத்துப்போய், சோறு போட்டு, திரும்பக் கொண்டுவிடும் ஏற்பாடு வந்தது. வில்லியனூர்க் கிராமங்களுக்கும் அதே கணக்குதான். புரை அகற்றியபின் கண்ணுக்குள் பொருத்தும், நூறு டாலருக்கு மேல் விற்ற செயற்கை லென்ஸை 1992 முதல் அரவிந்தின் உற்பத்திப் பிரிவான ஆரோலேப் தானே செய்து, பத்து டாலருக்கும் கீழே இறக்கியது. இதுவும் வியாபாரம்தான், ஒப்புக்கொள்கிறேன்!

நண்பர் குறை சொல்ல விரும்பினால் வேறு இடம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்து, பயிற்சி பெற்று, அங்கே பாதிக்கும் மேற்பட்ட வேலையைத் தாங்குபவர்கள் கிராமத்துப் பெண்கள். விருதுச் செய்திகளில் அவர்கள் பெயரைத் தேடட்டும்.