“எனக்குத் தெரியாது” என்று சொல்லும் உரிமை யாருக்கு?

2022ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் தேதி. லட்சத்தீவுக் கடலில், அகத்தித் தீவுக்கு அப்பால், தமிழகக் கரையிலிருந்து புறப்பட்ட இரண்டு மீன்பிடிப் படகுகளைக் கடலோரக் காவல் படையும் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமும் மறித்தன. கொச்சிக்கு இழுத்து வந்து சோதித்ததில் 218 கிலோ ஹெராயின் கிடைத்தது. சர்வதேசச் சந்தையில் அதன் மதிப்பு 1,526 கோடி ரூபாய் என்று சர்க்கார் அறிவித்தது. படகுகளில் இருந்தவர்களில் கன்னியாகுமரி மாவட்டத்து மீன்பிடித் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

அவர்கள் குற்றவாளிகளா, நிரபராதிகளா என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. நாம் கேட்பது வேறு கேள்வி. அந்த 1,526 கோடி ரூபாய்ச் சரக்கு யாருடையது?

இரயுமன்துறை முதல் நீரோடி வரையுள்ள நம் மேற்குக் கடற்கரைக் கிராமங்களை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுறா வேட்டைக்குப் பேர் போனவர்கள் தூத்தூர் வட்டாரத்தார். லட்சத்தீவுக்கும் அதற்கு அப்பாலும் போய், வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில், கடலிலேயே கிடந்து வருகிறவர்கள். போகும்போது டீசலுக்கும் ஐஸுக்கும் அரிசி சாமானுக்கும் லட்சக் கணக்கில் கடன். வந்து சேர்ந்த மீனுக்கு விலை வைப்பவன் வியாபாரி. செலவு போக மிஞ்சியதில் பங்கு. மிஞ்சவில்லையென்றால் பங்கும் இல்லை. மடி வரியாமல் வெறும் படகோடு திரும்புகிறவன் வீட்டுப் படியேறத் தயங்குகிறான். 1,526 கோடி ரூபாயை முதலாகப் போட்டு ஹெராயின் வாங்கியவன் இவன்தான் என்று யாராவது சொன்னால், சிறு குழந்தையும் சிரிக்கும்!

ஆனால் சட்டம் சிரிக்காது.

1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்தில் 35ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொருள் உன் கைவசம் இருந்தது என்று சர்க்கார் தரப்பு காட்டிவிட்டால் போதும். அது இன்னதென்று உனக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானித்துக் கொள்ளும். தெரியாது என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும். அதையும் அரைகுறையாக அல்ல, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். ஹெராயினில் 250 கிராமுக்கு மேல், கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேல் போனால் அது ‘வணிக அளவு’. 10 முதல் 20 ஆண்டு கடுங்காவல். 37ஆவது பிரிவின்படி ஜாமீனும் குதிரைக் கொம்பு. மூட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்க வழியில்லாத கூலிக்காரனும் இந்தத் தராசில்தான் நிற்கிறான்.

சரி, சட்டம் கடுமையாகவே இருக்கட்டும். போதை விற்பவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. நம் பிள்ளைகளின் மூளையைக் கருக்குகிற வியாபாரம் இது. ஆனால் அந்தத் தராசு எல்லோருக்கும் ஒன்றா?

குஜராத்திலே முந்த்ரா துறைமுகம் இருக்கிறது. அதானி குழுமம் நடத்தும் தனியார் துறைமுகம். 2021 செப்டம்பரில் அங்கே இரண்டு கண்டெய்னர் பெட்டிகள் பிடிபட்டன. ஆப்கானிஸ்தானத்து மாக்கல் என்று சொல்லி, ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக, விஜயவாடா முகவரி கொண்ட ஒரு கம்பெனியின் பேரில் வந்தவை. உள்ளே 2,988 கிலோ ஹெராயின்! மதிப்பு 21,000 கோடி ரூபாய் என்றார்கள். லட்சத்தீவில் அகப்பட்டதைப் போலப் பதின்மூன்று மடங்குக்கு மேல்.

துறைமுக நிர்வாகம் என்ன சொன்னது? பெட்டிகளைத் திறந்து பார்க்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, அது சுங்க அதிகாரிகளின் வேலை என்றது. சட்டப்படி அது சரியான பதில்தான். அந்த ஹெராயினைத் துறைமுகம் கொண்டு வந்தது என்று நாமும் சொல்லவில்லை. அந்த வழக்கில் வேறு பலர் கைதாகியும் இருக்கிறார்கள். நாம் சுட்டிக் காட்டுவது இதைத்தான்: ஆயிரக் கணக்கான பெட்டிகள் ஏறி இறங்குகிற, ஒவ்வொரு பெட்டிக்கும் கட்டணம் வாங்குகிற முதலாளி “எனக்குத் தெரியாது” என்றால் அது நியாயமான பதில், உடனே ஏற்றுக் கொள்ளப்படுகிறது. படகில் வலை இழுக்கிறவன் “எனக்குத் தெரியாது” என்றால் அதை நிரூபிக்க அவன் பல ஆண்டு சிறையில் காத்திருக்க வேண்டும். ஒரே வார்த்தை, இரண்டு விலை!

இதைவிட விசித்திரமான கதை ஒன்றையும் வாசகர்கள் கேட்க வேண்டும். இதே சட்டத்தில் 27ஏ என்ற பிரிவு உண்டு. கடத்தலுக்குப் பணம் போடுகிறவனையும், கடத்தல்காரனுக்கு இடம் கொடுக்கிறவனையும் தண்டிக்கிற பிரிவு. அதாவது சுறாவுக்கென்றே செய்த தூண்டில். 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தியபோது ‘சட்டவிரோதக் கடத்தல்’ என்பதன் விளக்கம் ஓர் எண் தள்ளிப் போயிற்று. 27ஏ பிரிவில் பழைய எண் அப்படியே நின்றது. விளைவு? பணம் போடும் முதலாளியைத் தண்டிக்கிற பிரிவு, இல்லாத ஒன்றைச் சுட்டிக் கொண்டு வெறும் காகிதமாய்க் கிடந்தது. ஒரு நாள் அல்ல, ஒரு மாதம் அல்ல, ஏழு வருஷம்! 2021இல் திரிபுரா உயர் நீதிமன்றம் சுட்டிக் காட்டிய பிறகுதான் டில்லி சர்க்கார் விழித்துக் கொண்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி அவசரச் சட்டம், டிசம்பரில் திருத்தச் சட்டம்.

பொட்டலம் விற்ற பையனைப் பிடிக்கிற பிரிவில் இப்படி ஒரு எண் தவறியிருந்தால் ஏழு வருஷம் கவனிக்காமல் விட்டிருப்பார்களா? ஏழு நாள் தாங்கியிருக்குமா?

இந்த வியாபாரம் நேற்றுப் பிறந்ததல்ல. வெள்ளைக்காரக் கும்பினி கங்கைச் சமவெளியில் குடியானவனை அபினி பயிரிட வைத்து, காசிப்பூரில் பதம் செய்து, கல்கத்தாவில் ஏலம் போட்டு, கள்ளத்தனமாகச் சீனாவுக்குள் இறக்க வைத்தது. சீனச் சர்க்கார் தடுத்தபோது பிரிட்டிஷ் சர்க்கார் 1839இல் பீரங்கிக் கப்பல் அனுப்பி யுத்தம் நடத்தியது. யுத்தச் செலவையும் சீனாவிடமே வாங்கியது. ஹாங்காங்கையும் பறித்துக் கொண்டது. கடத்தல்காரனுக்குக் கப்பற்படை துணை போன காலம் அது. நம் நாஞ்சில் நாட்டுக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு. 1956 நவம்பர் முதல் தேதிக்கு முன் நாம் திருவிதாங்கூர் பக்கம் இருந்தவர்கள். மகாராஜாவின் சர்க்கார் கள்ளு, சாராயத்தோடு அபினிக்கும் கஞ்சாவுக்கும் உரிமம் கொடுத்து வருமானம் பார்த்தது.

அமெரிக்காவைப் பாருங்கள். 1971இல் ஜனாதிபதி நிக்சன் போதைப் பொருளை மக்களின் முதல் எதிரி என்று பிரகடனம் செய்தார். 1986இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஏழைக் கறுப்பர் தெருக்களில் விற்ற ‘கிராக்’ 5 கிராம் விற்பனைக்கு வைத்திருந்தால் ஐந்து வருஷம் சிறை. பணக்காரர் விருந்துகளில் புழங்கிய கொக்கேய்ன் தூளென்றால், அதே ஐந்து வருஷத்துக்கு 500 கிராம் வேண்டும். நூற்றுக்கு ஒன்று! 2010இல் அதைப் பதினெட்டுக்கு ஒன்று என்று குறைத்தார்கள். சமமாக்க மனம் வரவில்லை. அதே அமெரிக்காவில் 1996 முதல் ‘ஆக்ஸிகான்டின்’ என்ற வலி மாத்திரையைப் பர்டியூ ஃபார்மா என்ற கம்பெனி டாக்டர்கள் மூலம் பரப்பியது. அதில் அடிமையாகும் ஆபத்துக் குறைவு என்று பொய் சொல்லி விற்றதாக 2007இல் குற்றத்தை ஒப்புக் கொண்டது. 2020இல் மறுபடியும் வேறு குற்றங்களை ஒப்புக் கொண்டது. அபராதம் உண்டு, பேரம் உண்டு. கம்பெனியை ஆண்ட சாக்லர் குடும்பத்தில் ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. மாத்திரையில் தொடங்கியது ஹெராயினுக்கும் பின்னர் ஃபெண்டனிலுக்கும் போயிற்று. 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் போதை மிகுந்து அங்கே செத்தார்கள்.

மறுபடியும் நம் ஊருக்கு வருவோம். நாகர்கோவிலில் பிடிபடுகிற கஞ்சா வடசேரித் தோப்பில் விளைவதல்ல. அது பெரும்பாலும் ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருவது. 2022 பிப்ரவரியில் ஆந்திரப் போலீஸ் ஒரே இடத்தில் 2 லட்சம் கிலோ கஞ்சாவைக் குவித்து எரித்தது. மலையிலே விதைத்த பழங்குடி இன்னும் ஏழையாகவே இருக்கிறான். ரயிலில் பையைச் சுமக்கிறவனுக்குக் கூலி. தெருவில் பொட்டலம் விற்கிறவன் பாதி நாள் வேலையில்லாத பட்டதாரி. மலைக்கும் தெருவுக்கும் நடுவிலே லாபத்தை எண்ணுகிறவன் யார்? அவன் படம் பத்திரிகையில் வருவதில்லை. பொட்டலத்தோடு நிற்கிற பையனைத்தான் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள்.

(தமிழகச் சர்க்காரின் மதுக்கடைகள் 2023–24இல் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் காட்டின. அந்தச் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளைப் போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுக்க வைக்கிறது. பிள்ளைகளும் சத்தமாகச் சொல்கிறார்கள்.)

2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வந்தபோது நம் மீனவர்கள் ஆழ்கடலில் எங்கே இருக்கிறார்கள் என்று சர்க்காருக்குத் தெரியவில்லை. “தேடுங்கள்” என்று கேட்டு டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக் கணக்கான ஜனங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார வேண்டியிருந்தது. அன்று அந்தச் சர்க்கார் “தெரியாது” என்றதை யாரும் குற்றமாக்கவில்லை.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. 27ஏ பிரிவின் கீழ், பணம் போட்டவர்கள் என்று இதுவரை எத்தனை பேர் மீது வழக்கு, எத்தனை பேருக்குத் தண்டனை, எத்தனை சொத்து முடக்கம் என்பதை மாவட்ட வாரியாக வெளியிடட்டும். படகுத் தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் முதல் நாளிலிருந்தே சர்க்கார் செலவில் தகுதியான வக்கீல் கிடைக்கட்டும். போதையில் விழுந்தவன் தானாக வைத்தியத்துக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்று 64ஏ பிரிவு சொல்கிறது. அதைக் கரையோர ஊர்களில் எழுதி ஒட்டட்டும். அந்த வைத்தியத்துக்குக் குளச்சல்காரனும் தேங்காப்பட்டணத்துக்காரனும் எந்த ஆஸ்பத்திரிக் கதவைத் தட்ட வேண்டும் என்பதையும் அதே காகிதத்தில் எழுதட்டும்.