மூட்டைக்கு ஊர் கேளுங்கள்

நம் நாட்டில் ஒரு மனிதன் ஊருக்குள் வந்தால் அவன் என்ன ஜாதி, யார் மகன், எந்தத் தெரு என்று விசாரியாமல் விடுவதில்லை. சோறு ஆக்கியவர் இன்ன ஜாதியார் என்று தெரிந்தாலொழிய கை நனைக்காதவர்கள் இன்னமும் உண்டு. ஆனால், அந்தக் குழம்பு தாளித்த எண்ணெய் எந்த ஊர்க் கொட்டையில் ஆடியது, அக்கொட்டை எத்தனை மாதம் யார் கிடங்கில் கிடந்தது என்று கேட்பவர் எத்தனை பேர்?

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து மல்லாட்டையையே எடுத்துக்கொள்வோம். 1940-ல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்னும் ரகத்தின் பேரிலேயே திண்டிவனம் இருக்கிறது. விதைக்கு ஊர்ப்பேர் உண்டு. விளைந்த கொட்டைக்கோ இல்லை. கமிட்டியில் விலை போகும்வரை குவியலுக்கு லாட் நம்பரும் குடியானவர் பேரும் உண்டு. வியாபாரி பத்து ஊர்ச் சரக்கை ஒன்றாகக் கொட்டியவுடன் அந்த ஜாதகம் கிழிந்துபோகிறது.

இதனால் என்ன கெடுதி என்று சிலர் கேட்கலாம். ஈரக் கொட்டையில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்னும் விஷத்தை உண்டாக்குகிறது. அது கல்லீரலைக் கெடுத்துப் புற்றுநோய்க்கு இடமாகிறது. வறுத்தாலும் முற்றும் ஒழிவதில்லை. 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அங்கே தெய்வக் குற்றம் என்று படையல் போடவில்லை. தீனியின் வழியைத் தேடிப்போய், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் விஷத்தைக் கண்டார்கள்.

இன்று ஐரோப்பாவுக்குப் போகும் நம் கடலை, அபீடாவின் 'பீனட் நெட்' ஏற்பாட்டில் லாட் லாட்டாகப் பதிவாகி, பரிசோதனைக்குப் பின்னரே கப்பலேறுகிறது. சர்க்கார் தடுப்பூசித் திட்டத்தில் மாட்டின் காதிலும் 12 இலக்க வில்லை தொங்குகிறது. ஆகவே, நம்மால் முடியாத காரியம் என்பது பொய். வெள்ளைக்காரன் வயிற்றுக்கு ஒரு நியாயம், நம் பிள்ளைகள் வயிற்றுக்கு ஒரு நியாயமா என்று கேட்கிறோம்.

நம்பர் போட்டால் பழியெல்லாம் குடியானவன் தலையில் விழும் என்று பயப்படுவோரும் உண்டு. நம்பர் இல்லாத இப்போதுதான் அப்பழியைச் சுலபமாக அவன் தலையில் போட முடிகிறது. களத்தில் நன்றாய்க் காய்ந்த கொட்டை யார் கிடங்கில் நனைந்தது என்பதை எழுத்து ஒன்றே காட்டும்.

ஆதலால், கமிட்டியிலேயே ஈரம் அளந்து, ஊர், தேதி, லாட் நம்பர் எழுதிய சீட்டு மூட்டையோடு செக்குவரை, கடைவரை போகவேண்டும். சரக்கைக் கலப்பவர், எதையெதைக் கலந்தார் என்று எழுதி வைக்கவேண்டும். 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம், கெட்ட சரக்கைத் திரும்பப் பெறச் சொல்கிறது. எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று தெரியாமல் எதைத் திரும்பப் பெறுவது?

தோழர்களே! மனிதனிடம் குலம் கேட்பதை விட்டுவிட்டு, மூட்டைக்கு ஊர் கேட்கத் தொடங்குங்கள்.