மஞ்சள் முக்கோணம்

என் மகள் பிறந்த மூன்றாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சள். வார்டில் நீல விளக்கின் கீழே படுக்க வைத்தார்கள். கண்கட்டு மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. மிஸ்ஸி வந்து பட்டையை மடித்துச் சரிசெய்தார்.

“எல்லாப் பிள்ளைக்கும் இதே கதைதான் தம்பி. இந்த அளவு நம்ம பிள்ளைங்களுக்குப் பெருசு.”

“மேல சொன்னீங்களாக்கா?”

“யாரு கேட்டா?”

அந்த நீல விளக்கே ஒரு தாதியின் கண்ணில் பிறந்ததுதான். இங்கிலாந்தின் எசெக்ஸ் வட்டாரத்தில், ராச்ஃபர்ட் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைக் கவனித்தவர் சிஸ்டர் வார்ட். வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். 1956-இல் ஒரு குழந்தையை மருத்துவர்களிடம் தயங்கித் தயங்கிக் காட்டினார். உடம்பில் மஞ்சள் வெளுத்திருந்தது. துணியின் மூலை மறைத்த இடத்தில் மட்டும் ஒரு முக்கோணம், அடர்ந்த மஞ்சள். மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். 1958-இல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. (அதற்காகப் பிள்ளையை வீட்டு வாசலில் வெயில் காட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். கிளினிக்கில் போகச் சொன்னால் வார்டுக்குப் போய்விடுங்கள்.)

சிஸ்டர் வார்டுக்குக் காது கொடுக்க ஆள் இருந்தார்கள். நம் தாதியருக்கு?

வழியே இல்லை என்று சொல்ல முடியாது. எந்த மருத்துவத் தொழில்நுட்பம் நமக்கு உதவும் என்று மதிப்பிட 1995 முதல் சுகாதார அமைச்சில் ஒரு பிரிவு இருக்கிறது. ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையில் ஆய்வு மையம் உண்டு. ஜிசிபி பயிற்சியில் தாதியரும் சேரலாம். முடிவில் தேர்வும் உண்டு. நோயாளியின் சம்மதத்தை எப்படிக் கேட்பது, அளந்ததை எப்படிப் பதிவது, பாதகம் நேர்ந்தால் யாருக்குச் சொல்வது எல்லாம் அதில் வரும். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டிக்கு ஒரு புதுக் கருவியின் ஆய்வை விளக்க, தமிழ் பேசும் மிஸ்ஸியைவிட வேறு யார் பொருத்தம்?

ஆனால் பாரம் நிரப்பவும் ரத்தம் எடுக்கவும் மட்டும் பழக்கினால் போதாது. கேள்வியை எழுப்பவே பழக்க வேண்டும். கருவியோடு இரவெல்லாம் இருப்பவர் அவர்தானே. அதையும் ஷிஃப்ட் நேரத்திலேயே செய்யட்டும், ஓய்வு நாளைப் பிடுங்காமல்.

போன மாதம் தம்போய் பசார் மாலாமில் அந்த மிஸ்ஸியைப் பார்த்தேன். ஜிசிபி வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறாராம்.

“கண்கட்டு ஆராய்ச்சியாக்கா?”

“முதல்ல லீவு கிடைக்கட்டும் தம்பி” என்று சிரித்துவிட்டு, காய்கறிப் பையோடு நடந்தார்.