மாறலாம், எங்கே மாறுவது?

ரீசார்ஜ் விலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "பிடிக்கலைன்னா வேற கம்பெனிக்கு மாறிக்கோங்க சார்" என்கிறான் என் பழைய மாணவன். மாறலாம் தம்பி. எங்கே மாறுவது?

நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் உரிமை 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் வந்தது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. அன்று ஏர்செல், ஏர்டெல், வோடபோன், டாடா டொகோமோ, பி.எஸ்.என்.எல். என்று ரீசார்ஜ் கடை வாசலில் போர்டு மாட்ட இடமில்லை. 2009-ல் டொகோமோ நொடிக்கு ஒரு பைசா என்றதும் மற்றவர்களும் இறங்கி வந்தார்களே, அதுதான் போட்டி.

2016-ல் ஜியோ இலவசமாக வந்தது. சந்தோஷப்பட்டோம். தமிழ்நாட்டில் பிறந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. வோடபோனும் ஐடியாவும் அதே ஆண்டு ஒன்றாயின. மிச்சம் தனியார் மூன்று. 2024 ஜூலையில் மூவரும் சொல்லி வைத்தாற்போல் அடுத்தடுத்து விலையை ஏற்றினார்கள்.

நான் கணக்கு வாத்தியார். வருடத்துக்கு மாதம் 12. 28 நாள் ரீசார்ஜ் என்றால் 13 முறை. 30 நாள் திட்டம் ஒன்றாவது வையுங்கள் என்று 2022-ல் டிராய் உத்தரவு போட வேண்டியிருந்தது. டேட்டா வேண்டாதவருக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொடுங்கள் என்று 2024 டிசம்பரில் இன்னொன்று. நிஜமாகவே போட்டி இருந்தால் இதற்கெல்லாம் உத்தரவு எதற்கு? எங்கள் வண்டியூர்த் தெருவில் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிகளுக்கு மகன் கூப்பிட்டால் மணி அடிக்க வேண்டும், பேங்க் ஓ.டி.பி. வர வேண்டும். அவ்வளவுதான்.

அப்போது விலை ஏற்றாதது பி.எஸ்.என்.எல். மட்டும். பல லட்சம் பேர் அங்கே ஓடினார்கள். ஆனால் 2022-லேயே தனியார் 5ஜி தொடங்கிவிட, அரசு தன் சொந்தக் கம்பெனியின் நாடு தழுவிய 4ஜியைத் தொடங்கியது 2025 செப்டம்பர் 27-ல்! உள்நாட்டுத் தொழில்நுட்பம்தான் வேண்டும் என்ற நிபந்தனையாம். பெருமைதான், அந்த நிபந்தனை தனியாருக்கு ஏன் இல்லை?

வோடபோன் ஐடியாவின் பாக்கிக்குப் பதிலாக 2025-ல் தன் பங்கைச் சுமார் 49 சதவீதமாக உயர்த்திக்கொண்டது அரசு. சரி, ஒரு கடை மூடாமல் இருக்கட்டும். அந்த அக்கறையைச் சொந்தக் கடையிலும் காட்டுங்கள். பி.எஸ்.என்.எல். சிக்னல் வீட்டுக்குள் முழுசாகக் கிடைக்கட்டும். மற்ற மூவரும் விலையைக் குறைக்காமல் எங்கே போவார்கள் என்று பார்க்கலாம்.