அசைவளக்கும் கருவிகளும் மன்னார்க் கரையும்

விழா மலரிலே பழைய நாட்களின் பெருமையைப் பேசுதல் மரபு. அம்மரபை மதிக்கும் நாம், இம்முறை அதனின்றும் சிறிது விலகி, இன்று வகுப்பறையிலிருக்கும் மாணவர் நாளை தம் கரையிலேயே எதிர்கொள்ள வேண்டிய ஒரு விடயத்தைப் பழைய மாணவர் முன் வைக்க விழைகின்றோம். உடலின் அசைவைக் கருவியாற் பற்றி, எண்களாகப் பதியும் கலையே அது. அதனையே தொழிலாகக் கொண்ட கம்பனிகள் இன்று பல நாடுகளிற் பெருகியுள்ளன. நடிகரின் மூட்டுகளில் ஒளியைத் திருப்பும் சிறு குமிழ்களைப் பொருத்தி, சுற்றிலும் கமராக்களை நிறுத்தி, அவருடைய நடையையும் பாய்ச்சலையும் கணினியில் ஏற்றிவிடுகின்றனர். 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ திரைப்படம் இவ்வகையில் ஆக்கப்பட்டதே. ஓட்ட வீரனின் அடியையும், காலிழந்தோன் செயற்கைக் காலுடன் நடக்கும் நடையையும் ஆராய்வதற்கும் இக்கலை பயன்படுகின்றது. ஆயினும் மன்னார் மக்களுக்கு இது வெறும் திரைப்பட விந்தையன்று. அவர்தம் வானமும் காற்றும் இத்தகைய கருவிகளாற் கணிக்கப்படும் காலம் வந்துவிட்டது.

இக்கலையின் பிறப்பே பறவையோடு தொடர்புடையது என்பதைப் பலர் அறியார். பிரான்சு தேசத்து உடற்றொழிலியல் அறிஞர் எத்தியென் சூல் மாரே, சிறகடிப்பின் விரைவைக் கண்ணாற் பின்தொடர இயலாமை கண்டு, 1882இல் துவக்கு வடிவான நிழற்படக் கருவியொன்றை அமைத்தார். செக்கனுக்கு 12 படங்களை அது பதிந்தது. பறவையைக் குறிவைத்தும் கொல்லாது விட்ட துவக்கு அது.

இன்றைய கருவி அதனினும் நுண்ணியது. எமது கைத்தொலைபேசியினுள்ளே, மயிரிழையினும் மெல்லிய சிலிக்கன் விற்களிற் தொங்கும் சிறு திணிவொன்று உண்டு. தொலைபேசியை அசைக்குந்தோறும் அத்திணிவு சற்றுப் பின்தங்கும். அதனால் அயலிலுள்ள தகடுகளின் மின் கொள்ளளவம் மாறும். அம்மாற்றத்திலிருந்தே ஆர்முடுகல் அளக்கப்படுகின்றது. உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயில்வோர் நியூற்றனின் விதிகளிற் கற்பதும் இதன் அடிப்படையையே. இத்தகைய உணர்கருவியோடு, செய்மதிகளின் துணையால் இடமறியும் கருவியையும், ஞாயிற்றொளியால் ஊட்டம் பெறும் மின்கலத்தையும் சேர்த்துப் பறவையின் முதுகிற் பூட்டினால், அது தான் செல்லும் வழியைத் தானே எழுதிச் செல்லும். தொலைபேசி அலை கிடைக்கும் இடத்தை அடைந்ததும் எழுதியதை அனுப்பியும் விடும்.

மன்னாரிலே இது நடந்தேறியுள்ளது. 2021ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்ன முதலானோர், சீன விஞ்ஞானக் கழகத்தாரோடு இணைந்து, இங்குள்ள கடற்காகங்களுக்குச் செய்மதிக் கருவிகளைப் பூட்டினர். ‘மேகா’ எனப் பெயரிடப்பட்ட ஒன்று, நடு ஆசியாவைக் கடந்து, உருசியாவின் வடகோடியில் ஆட்டிக் கரையிலுள்ள யமால் தீபகற்பத்தை அடைந்து, மீண்டும் மன்னாருக்கே வந்து சேர்ந்தது. அதன் பயணம் ஏறத்தாழ 19,000 கி.மீ. ஆகும். எம் மீனவர் காலங்காலமாகத் தோணியருகே கண்ட பறவை எந்நாட்டில் முட்டையிடுகின்றது என்னும் வினாவுக்கு அக்கருவி விடை பகர்ந்தது.

இத்தீவும் இதன் எதிர்க்கரையும் அத்தகைய விருந்தினர் பலருக்குப் புகலிடம். பூநாரையும் ஊசிவால் வாத்தும் வந்திறங்கும் வங்காலைப் பகுதி 2008இற் சரணாலயமாகப் பிரகடனம் பெற்றது. 4,839 ஹெக்டேயர் பரப்புடைய அந்நிலம் 2010இல் றம்சார் சாசனத்தின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. பறவைக்கு வழித்துணையாவது காற்று. பொறியியலாளரை இங்கே அழைத்து வந்ததும் அக்காற்றே. தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு, 100 மெகாவாற்று வலுவுடைய ‘தம்பபவனி’ காற்றாலைத் தொகுதியை நிறுவி 2020 டிசம்பரிற் திறந்தது. அங்கே 30 சுழலிகள் எழுந்தன. பறவைக் கூட்டம் நெருங்குவதை ராடரால் உணர்ந்து சுழலியை நிறுத்தும் ஏற்பாடும் அத்திட்டத்தோடு சேர்க்கப்பட்டது. பின்னர் மேலும் சுழலிகளைத் தீவினுள் நாட்ட முற்பட்டபோது, 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கி எதிர்த்தமையை நாடறியும்.

காற்றிலிருந்து மின்சாரம் பெறுவதை நாம் வெறுப்போமல்லோம். எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் அந்நியச் செலாவணியைக் கொட்டும் நாட்டுக்கு அது வேண்டியதே. ராடரையும் இகழோம், ஒரு பறவை தப்பினும் அது நன்றே. ஆனால், ‘உணர்கருவி உண்டு, ஆகவே எங்கும் நாட்டலாம்’ என்னும் முடிவை ஏற்க மாட்டோம். ராடர் சுழலியை நிறுத்துமேயன்றி, தவறான இடத்தில் நாட்டிய சுழலியைப் பெயர்த்து வைக்காது. மழைநீர் வழிந்தோட இடமின்றி வீட்டு முற்றத்தில் தேங்குவதையும், தொழிலுக்குச் செல்லும் மீனவனின் அச்சத்தையும் அது உணராது. அளந்த பின்னர் முடிவெடுத்தலே முறை. முடிவெடுத்த பின்னர் அளத்தல் சமாதானம் சொல்வதற்கே உதவும். திட்டத்துக்கு முன்னரும் பறவைக் கணக்கெடுப்புகள் நடந்தன என்பது உண்மை. எனினும் சுழலிகள் திறக்கப்பட்டது 2020இல். மேகாவின் முதுகிற் கருவி ஏறியது 2021இல். இவ்வரிசை மாறியிருத்தல் வேண்டும்.

அளப்பவர் ஒருவராகவும் அளக்கப்படும் இடத்தில் வாழ்வோர் வேறொருவராகவும் இருப்பதால் விளையும் கேட்டை இக்கரை முன்னரும் கண்டுள்ளது. 1902இல் பேராசிரியர் ஹேட்மனும் ஜேம்ஸ் ஹோணெலும் மன்னார்க் குடாவின் முத்துச் சிப்பிப் பார்களை ஆராய வந்தனர். அவர்தம் உழைப்பு நேர்மையானது; அறிக்கையும் அரியது. ஆனால் அது இலண்டனில் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. பார்களின் குணத்தைத் தலைமுறைகளாக அறிந்திருந்த குளிகாரர் அதனைப் படிக்கக்கூடியவராயிருந்தாரல்லர். 1906இல் அரசாங்கம் அப்பார்களை ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே சிப்பி அற்றுப்போகக் கம்பனியும் கலைந்தது. சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் கூடிய பெருஞ்சந்தைகள் கதையாயின. சிப்பி அற்றுப்போனதற்கு விஞ்ஞானத்தைக் குறைகூறோம். ஆனால், தம் கடலைப் பற்றிய கணக்கு தம் கையில் இல்லாத மக்கள், அக்கடலைப் பற்றிய முடிவிலும் பங்கு பெறவில்லை.

அந்நிலை மீளாதிருக்க இரண்டு செய்தல் வேண்டும். முதலாவது, மன்னார்க் கரையிற் பறவையையோ காற்றையோ நீரையோ எவர் அளப்பினும், அப்பதிவின் பிரதியொன்று, தமிழ் விளக்கத்துடன், மாவட்டத்து நூலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வந்து சேர வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனையாக்கப்படல் வேண்டும். இரண்டாவது, அப்பதிவைப் படிக்கவும் ஐயுறவும் வல்ல மாணவர் இங்கேயே உருவாதல் வேண்டும்.

‘இவை செல்வர் நாட்டுக் கருவிகளன்றோ?’ என்பார் உளர். திரைப்படக் கூடத்துக்குரிய கமரா வரிசை எமக்கு வேண்டா. தொலைபேசியிலுள்ளது போன்ற ஆர்முடுகல் உணர்கருவியொன்றின் விலை, பாடப்புத்தகமொன்றின் விலையை மிஞ்சுவது அரிது. அத்தகைய சில உணர்கருவிகள், காற்றுமானி ஒன்று, நீர்மட்டத்தை ஒலியால் அளக்கும் கருவியொன்று, பழுதில்லாத கணினி ஒன்று, பூட்டும் திறப்புமுள்ள ஓர் அறை ஆகியன தொடக்கத்துக்குப் போதும். சோளகம் எழும் நாளையும் வாடை திரும்பும் நாளையும் மாணவர் ஆண்டுதோறும் பதிவார்களாயின், பத்தாண்டில் அது எந்த அதிகாரியும் புறக்கணிக்கவியலாத சான்றாகும். முதிய மீனவரை அறைக்கு அழைத்து, கருவி கூறுவதையும் அவர் கூறுவதையும் ஒப்பிடுதலும் அப்பயிற்சியின் பகுதியாதல் வேண்டும்.

கொழும்பிலும், இலண்டனிலும், ரொறன்ரோவிலும், மெல்பேணிலும் பொறியியலாளராகவும் கணினி வல்லுநராகவும் விளங்கும் பழைய மாணவர் பலர். வளைவும் மண்டபமும் கட்டுவித்த அன்பர்களை நாம் நன்றியோடு நினைக்கின்றோம். இனி வரும் கொடை கல்லாக மட்டும் அமையாது, கருவியாகவும், விடுமுறையில் வந்து அதனைப் பழக்கும் பத்து நாள் உழைப்பாகவும் அமையுமாக. எமது கரையின் அசைவை எமது பிள்ளைகளே அளந்து, எமது மொழியில் எழுதி, அது பற்றிய முடிவெடுக்கும் அவையிற் கணக்கோடு எழுந்து பேசும் நாள், இவ்விழாவினும் சிறந்த விழாவாகும்.