அறைக்கு முன்பணம், அரிசிக்கு 90 நாள் தவணையா?

கல்யாண வரவேற்பு, கம்பெனிகள் நடத்தும் டீலர் கூட்டம், வங்கியின் கருத்தரங்கு என்று ஏதோ ஒரு காரணத்தால் நம் வணிகப் பெருமக்கள் நட்சத்திர ஓட்டல்களுக்குப் போய் வருவது இப்போது சாதாரணமாகி விட்டது. வெளியூரிலிருந்து சரக்கு பார்க்க வரும் வியாபாரிகளும் தி.நகரிலோ மயிலாப்பூரிலோ அடையாறிலோ நல்ல ஓட்டலாகப் பார்த்து இரண்டு நாள் தங்குகிறார்கள். பருப்பும் முந்திரியும் கொள்முதல் செய்ய ஆப்பிரிக்கா வரை சென்று, அங்குள்ள தலைநகரங்களில் எழும்பியிருக்கும் புதிய ஓட்டல்களில் தங்கி வருவோரும் உண்டு.

போய் வந்தவர்கள் பளிங்குத் தரையைப் பற்றியும், காலை உணவுக்கு வைத்திருந்த முப்பது வகைப் பண்டங்களைப் பற்றியும் சொல்வார்கள். அதில் தவறில்லை. உழைத்துச் சம்பாதித்தவர் ஒரு நாள் சௌகரியமாக இருந்துவிட்டு வரட்டும். ஆனால் வியாபாரி எங்கே போனாலும் அங்கே நடக்கும் வியாபாரத்தைக் கவனிப்பவன். அந்த ஓட்டல் தன் விருந்தாளியிடம் பணம் வாங்கும் முறையை நாம் கவனிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறை பதிவு செய்யும்போதே வாடகையையோ அதில் ஒரு பகுதியையோ பெரும்பாலும் வாங்கி விடுகிறார்கள். வரவேற்பு மேஜையில் சாவி கொடுக்குமுன் கார்டைத் தேய்த்து, சாப்பாடு, சலவை முதலிய செலவுகளுக்காக ஒரு தொகையைப் பிடித்து வைக்கிறார்கள். கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் கட்டிய பணத்தில் கழிவு. காலி செய்யும்போது பாக்கி ஒரு ரூபாய் இருந்தாலும் கணக்குத் தீர்த்த பிறகுதான் பெட்டி வாசலைத் தாண்டும். நைரோபியானாலும் நம் டி.டி.கே. சாலையானாலும் முறை இதுதான்.

இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. இன்று இரவு விற்காத அறையை நாளைக்கு இரண்டாக விற்க முடியாது. மாலையில் வாடிய கீரைக்கட்டு போல அது போனது போனதுதான். அதனால் முன்பணம் வாங்கித் தங்களைக் காத்துக்கொள்கிறார்கள். கெட்டிக்கார வியாபாரம் என்றே சொல்வோம்.

ஆனால் அதே கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். சரக்கு இறக்கும் வாசலில் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் முந்திரிப் பெட்டியும் இறங்குகின்றன. அவற்றைக் கொண்டு வந்தவருக்குப் பணம் எப்போது? சலானில் முத்திரை போட்டுக் கொடுப்பார்கள். பில் கொள்முதல் பிரிவிலிருந்து கணக்குப் பிரிவுக்குப் போகும். ‘45 நாள்’ என்று பேசியது 60 ஆகும், 60 என்றது 90 ஆகும். நட்சத்திர ஓட்டலுக்குச் சரக்கு போடும் எந்த வியாபாரியைக் கேட்டாலும் இந்தக் கதைதான். முன்வாசலில் ரொக்கம், பின்வாசலில் கடன். இரண்டும் ஒரே நிறுவனத்தின் வழக்கம்!

சென்னையில் இந்த வகை ஓட்டல்கள் நேற்று முளைத்தவை அல்ல. நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல் 1974லும், கதீட்ரல் சாலையில் ஐ.டி.சி. நிறுவனத்தின் முதல் ஓட்டலான சோழா 1975லும் திறக்கப்பட்டன. அடையாறு கேட் ஓட்டல் பார்க் ஷெராட்டன் ஆகி, பிறகு கிரவுன் பிளாசா என்ற பெயரில் நடந்தது. எம்.ஆர்.சி. நகரில் கடலைப் பார்த்தபடி லீலா பேலஸ் 2013ல் வந்தது. ராதாகிருஷ்ணன் சாலையிலும், தி.நகரில் தியாகராயர் சாலையிலும், ஜி.என். செட்டி சாலையிலும் உள்ள ஓட்டல்களையும் சேர்த்தால், நம் பகுதிக்குள் ஒரு பெரிய கொள்முதல் சந்தையே இருக்கிறது. அதை நாம் விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும் என்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 3 லட்சம் ரூபாய்க்கு எண்ணெய், நெய், சர்க்கரை, மசாலா போடும் கடை என்று வைத்துக்கொள்வோம். தவணை 90 நாள் என்றால் எந்த நேரமும் 9 லட்சம் ரூபாய் வெளியே நிற்கும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றாலும் மாதம் 9,000 ரூபாய். போட்டிக்கு விலை குறைத்துக் கொடுத்ததில் நிற்கும் லாபம் 4 சதவீதம் என்றால் 12,000 ரூபாய். வட்டி போக மிஞ்சுவது 3,000. வேன் வாடகையும் ஏற்றி இறக்கும் கூலியும் இதற்குள் அடங்குமா? ‘பெரிய இடத்துக்குச் சப்ளை’ என்ற பெயர்தான் மிச்சம்.

இதற்கு மேல் வரி. மேற்சொன்ன சரக்குகளுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றால் 3 லட்சத்துக்கு 15,000 ரூபாய். இதில் ஒரு பகுதியைக் கொள்முதலின்போதே கொடுத்து விடுகிறோம். மீதியை, மாதக் கணக்கு தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ‘ஓட்டலிலிருந்து பணம் வரவில்லை’ என்ற சமாதானம் அங்கே செல்லாது. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு விருந்தாளியிடம் 18 சதவீத வரி வாங்கும் ஓட்டல், நம் பில்லில் உள்ள வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். நமக்குப் பணம் தராமலே கழித்துக்கொள்ளலாம்! பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால்தான் கழித்த வரியை வட்டியோடு திருப்ப வேண்டும் என்பது விதி. ஆக, சட்டம் கொடுக்கும் நெருக்கடி அரை வருடம் கழித்துத்தான் தொடங்குகிறது.

‘சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே’ என்று உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்து மூலமாக எந்தத் தவணை பேசியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் நிறுத்தக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இன்னொரு பிடியையும் போட்டது. உரிய நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், வாங்கியவர் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம்.

நல்ல சட்டம்தான். ஆனால் நாம் அதற்குள் இல்லை. சில்லறை, மொத்த வியாபாரிகள் உத்யம் தளத்தில் பதிவு செய்யலாம் என்று மத்திய அரசு 2021 ஜூலை 2ஆம் தேதி அறிவித்தபோது, ‘வங்கிகளில் முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டும்’ என்ற நிபந்தனையோடுதான் அறிவித்தது. தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு அந்தப் பதிவால் கிடைக்காது. கடன் வாங்க நாம் சிறு தொழில். கடனை வசூலிக்க நாம் யாருமில்லை!

இதன் விளைவைப் பாருங்கள். ஓட்டல் கணக்குப் பிரிவில் இரண்டு பில்கள் இருக்கின்றன. ஒன்று, மசாலா அரைத்து விற்கும் ஒரு சிறு ஆலையினுடையது. மற்றது, அதே மசாலாவை வாங்கிக் கொண்டுபோய்ப் போட்ட நம் கடையினுடையது. கையில் ஒரு பில்லுக்கு மட்டும் பணம் இருந்தால் கணக்கர் எதை முதலில் தீர்ப்பார்? 45 நாளில் தீர்க்காவிட்டால் வட்டியும் வருமான வரி நஷ்டமும் வரும் பில்லைத்தான் தீர்ப்பார். நம் பில் இன்னும் கீழே போகும். ஆலைக்காரருக்குக் கிடைத்த பாதுகாப்பு குறைய வேண்டும் என்பதல்ல நம் வாதம். அது நமக்கும் வேண்டும் என்பதே.

வேறு நாடுகளில் இது நடக்காத காரியமல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2019ல் கொண்டு வந்த விதிப்படி, சிறிய சப்ளையரிடம் உணவுப் பொருள் வாங்கும் பெரிய நிறுவனங்கள் கெட்டுப்போகும் சரக்குக்கு 30 நாளுக்குள்ளும் மற்ற உணவுச் சரக்குக்கு 60 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். விளைவித்தவருக்கு மட்டுமல்ல, உணவுப் பொருளை விற்கும் எவருக்கும் அது பொருந்தும். அங்கே வியாபாரியை ஒதுக்கி வைக்கவில்லை.

ஓட்டல்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. கம்பெனிகளும் பயண ஏற்பாட்டாளர்களும் அவர்களுக்குக் கடன் சொல்கிறார்கள். கல்யாண மாதத்தில் நிரம்பும் அறை அடுத்த மாதம் காலியாக இருக்கும். சம்பளமும் மின்கட்டணமும் நிற்காது. உண்மை. ஆனால் அந்தச் சுமையைத் தாங்க அவர்களுக்கு வங்கி இருக்கிறது, பெரிய மூலதனம் இருக்கிறது. கச்சேரி ரோட்டில் பத்துக்குப் பன்னிரண்டு கடையில் உட்கார்ந்திருப்பவர், பல நூறு அறை உள்ள ஓட்டலுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கும் வங்கியாக இருக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

‘பெரிய இடம், பணம் எங்கே போய்விடும்’ என்ற நம்பிக்கையும் சரியல்ல. தலைமுறைகளாக நாம் பார்த்த அடையாறு கேட் ஓட்டல் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. அது அறிவித்து மூடியது. எல்லோரும் அப்படி மூடுவார்கள் என்று சொல்ல முடியாது. நொடித்துப் போன நிறுவனத்தின் மீது திவால் சட்டப்படி மனுக் கொடுக்கலாம் என்றால், 2020 மார்ச்சிலிருந்து பாக்கி குறைந்தது 1 கோடி ரூபாய் இருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு ஒரே இடத்தில் 1 கோடி பாக்கி இருக்கும்?

ஆகவே, சட்டம் வரும் வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம்.

முதலாவதாக, வாய்ப்பேச்சில் சரக்கு போட வேண்டாம். எத்தனை நாள் தவணை, தாண்டினால் என்ன வட்டி என்பதை ஆர்டரிலும் பில்லிலும் எழுதி, சலானில் பெறுபவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும்.

இரண்டாவதாக, 90 நாள் கேட்பவருக்கு 90 நாள் விலை சொல்ல வேண்டும். ரொக்க விலையையும் தவணை விலையையும் தனித்தனியே எழுதிக் கொடுங்கள். அறை வாடகைக்கே ஒரு நாளைக்கு ஒரு விலை வைப்பவர்களுக்கு இது புரியாத கணக்கல்ல.

மூன்றாவதாக, ஒவ்வொரு வாடிக்கை ஓட்டலுக்கும் ஒரு வரம்பு வையுங்கள். பாக்கி அதைத் தொட்டால், பழையதைத் தீர்த்த பிறகே அடுத்த வேன் கிளம்ப வேண்டும்.

நான்காவதாக, ஆண்டுக்கு ஒரு முறையாவது பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதம் வாங்கி வையுங்கள். சரக்குப் பணத்துக்கு வழக்குப் போடக் காலவரையறைச் சட்டப்படி 3 ஆண்டுதான் அவகாசம். அது முடிவதற்குள் கடிதம் வாங்கினால், கையெழுத்திட்ட நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும்.

இவை தனி ஆள் செய்தால் ‘அடுத்த கடைக்காரர் 120 நாள் தருகிறார்’ என்று ஓட்டல் நம்மை விட்டுப் போய்விடும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வியாபாரிகள் ஒரே குரலில் 45 நாள் என்று சொன்னால் போக இடமில்லை. சங்கம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? அதோடு, 45 நாள் பாதுகாப்பைக் குறு, சிறு வியாபாரிகளுக்கும் விரிவாக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கும் நம் பகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கையெழுத்திட்ட மனு அனுப்ப வேண்டும். பொதுக்குழுவில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்றை மறக்கக் கூடாது. தேங்காய்க்காரருக்கும், கருவேப்பிலை கொண்டு வரும் அம்மாவுக்கும், அப்பளம் இட்டுத் தரும் பெண்களுக்கும் நாம்தான் பெரிய இடம். அவர்கள் பணத்தைச் சொன்ன நாளில் கொடுக்கிற கடைக்குத்தான், தன் பணத்தைச் சொன்ன நாளில் கேட்கிற தைரியம் வரும். நாணயம் இரண்டு பக்கமும் செல்ல வேண்டும். சாவி கொடுக்குமுன் பணம் எண்ணி வாங்குகிற இடத்தில், சரக்கு கொடுத்த பிறகாவது நம் பணத்தை நாம் எண்ணி வாங்குவோம்.